முதல்முறை மலை நடைக்குக் கிளம்பும் பெண்கள் குழுவுக்கு: ஈடேலில் ஒரு வார இறுதி

மூன்று வருடங்களுக்கு முன்பு, மே மாதத்து சனிக்கிழமை ஒன்றில் ஏழு பெண்கள் ஈடேல் ரயில் நிலையத்தில் இறங்கினோம். எல்லாரும் லெஸ்டரில் வேலை பார்ப்பவர்கள். இங்கிலாந்துக்கு வந்து சில வருடங்கள் ஆகியும் ஊருக்கு வெளியே ஒரு மலையில் கால் வைத்ததில்லை. அன்று எங்களில் ஒருத்தி எல்லாருக்கும் பின்னால் தனியாக வந்தாள். நாங்கள் மேலே போய் நின்று, தண்ணீர் குடித்து, படம் எடுத்துக்கொள்வோம். அவள் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "வந்துட்டியா, சரி போலாம்" என்று கிளம்பிவிடுவோம். நாள் முழுக்க எங்களுக்கு எட்டு ஓய்வு, அவளுக்கு ஒன்றுகூட இல்லை. இதை நான் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில்தான் உணர்ந்தேன். அதற்குப் பிறகு அவள் எந்த நடைக்கும் வருவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் உள்ள ஈடேலை வைத்தே சொல்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த இடம், கார் இல்லாமல் போகலாம், ஸ்டேஷனில் இறங்கியதும் நடையைத் தொடங்கிவிடலாம்.

1. தேதி: நான்கு மாதம் முன்பே

மே, ஜூன், செப்டம்பர் மூன்றும் நல்ல மாதங்கள். ஜூன் கடைசியில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். வழி தவறி ஒரு மணி நேரம் வீணானாலும் பயமில்லை. டிசம்பரில் மாலை நான்குக்கே இருட்டிவிடும், முதல்முறை போகிறவர்களுக்கு அது வேண்டாம். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அன்று மாலை திடீரென்று சுருங்கிவிடுவதைக் கணக்கில் வையுங்கள்.

வங்கி விடுமுறை வார இறுதிகளைத் தவிர்த்துவிடுங்கள். தங்குமிடம் விலை ஏறும், ரயிலில் நிற்க இடமிருக்காது. அப்புறம், முடிவு செய்யும் முன் அந்த ஞாயிற்றுக்கிழமை ரயில் பாதையில் பராமரிப்பு வேலை இருக்கிறதா என்று நேஷனல் ரெயில் தளத்தில் பாருங்கள். ரயிலுக்குப் பதில் பேருந்து விட்டால் பயணம் இரண்டு மடங்கு நீளும், திங்கள் காலை ஷிஃப்ட் இருப்பவர்களுக்கு அது பெரிய கஷ்டம்.

2. எத்தனை பேர், யார் யார்

ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். பத்தைத் தாண்டினால் ஒரே அறைவரிசையில் இடம் கிடைக்காது, பாதையில் குழு இரண்டாகப் பிரியும்.

ஒவ்வொருவரிடமும் தனியாக மூன்று கேள்வி கேளுங்கள். வாட்ஸாப் குழுவில் கேட்காதீர்கள், எல்லாருக்கும் முன்னால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். நிற்காமல் எவ்வளவு நேரம் நடப்பீர்கள்? முழங்கால், முதுகு, ஆஸ்துமா, சர்க்கரை ஏதாவது உண்டா? இறக்கத்தில் பயம் உண்டா? மூன்றாவது கேள்வியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். முழங்கால் வலிக்காரர்களும் உயரத்துக்குப் பயப்படுகிறவர்களும் சிரமப்படுவது இறங்கும்போதுதான்.

வரைபடம் பார்க்கத் தெரிந்தவர் உங்களில் யாரும் இல்லையென்றால், முதல் முறை தகுதி பெற்ற வழிகாட்டி ஒருவரை அமர்த்துங்கள். மலை நடைக்கென்றே பயிற்சிச் சான்றிதழ்கள் உண்டு; 'மவுண்டன் லீடர்' அல்லது 'ஹில் அண்ட் மூர்லேண்ட் லீடர்' சான்றிதழும், காலாவதியாகாத முதலுதவிச் சான்றிதழும் இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். பெண் வழிகாட்டிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். செலவு எட்டுப் பேருக்குப் பிரியும்போது பெரிதாகத் தெரியாது. அதுவும் வேண்டாமென்றால், போவதற்கு ஒரு மாதம் முன்பு ராம்ப்ளர்ஸ் நடைச் சங்கத்தின் உங்கள் ஊர்க் குழுவோடு ஓரிரு ஞாயிறு நடந்து பாருங்கள். உறுப்பினர் ஆகும் முன்பே சில நடைகளுக்குச் சும்மா வரவிடுவார்கள்.

3. தங்குமிடம்

ஈடேல் பள்ளத்தாக்கிலும் பக்கத்து ஊரான காசில்டனிலும் யூத் ஹாஸ்டல்கள் இருக்கின்றன. பெயரைப் பார்த்து இளைஞர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், எந்த வயதினரும் தங்கலாம். பெண்களுக்கு மட்டுமான பொது அறையும் உண்டு, நான்கு முதல் ஆறு கட்டில் போட்ட தனி அறையை முழுதாக எடுக்கவும் முடியும். தனி அறையையே எடுங்கள். இரவு இரண்டு மணி வரை பேசலாம், தலைமுக்காட்டைக் கழற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாம், அதிகாலையில் தொழுகிறவர் யாரையும் எழுப்பிவிடுவோமோ என்று கவலைப்பட வேண்டாம்.

புக் செய்யும் முன் கேட்க வேண்டியவை: கீழ்க்கட்டில் எத்தனை, கழிவறை அறைக்குள்ளா வெளியிலா, விருந்தினர் சமையலறை திறந்திருக்கிறதா, ஈரத் துணி உலர்த்தும் அறை உண்டா. உலர்த்தும் அறை இல்லாத இடத்தை எடுக்காதீர்கள். சனிக்கிழமை நனைந்த ஷூவை ஞாயிறு காலை அப்படியே போடுவது எப்படியிருக்கும் என்பதை ஒருமுறை அனுபவித்தாயிற்று. ஹாஸ்டலில் படுக்கை விரிப்பு தருவார்கள், துண்டு நீங்கள் கொண்டுபோக வேண்டும். 'பங்க்ஹவுஸ்', 'கேம்பிங் பார்ன்' என்று போட்டிருந்தால் விலை குறைவு. ஆனால் உறங்கும் பையும் உங்களுடையதாகவே இருக்க வேண்டியிருக்கும்.

4. பணம்

இதைச் சரியாகச் செய்யாவிட்டால் நட்பே கெடும். முதல் வருடம் தங்குமிடத்தின் முழுப் பணத்தையும் நான் என் கார்டில் கட்டினேன். ஒரு வாரம் இருக்கும்போது இருவர் வரவில்லை என்றார்கள். இருவருக்கும் நியாயமான காரணம். ஆனால் 120 பவுண்டு என் கையிலிருந்து போயிற்று, கேட்கவும் மனம் வரவில்லை.

இப்போது முதல் நாளிலேயே எழுதி வைத்துவிடுகிறோம். பெயர் கொடுத்த ஒரு வாரத்துக்குள் 40 பவுண்டு முன்பணம், பணம் வந்த பிறகுதான் பெயர் உறுதி. தங்குமிடத்தை ரத்து செய்ய விடும் கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்பு மீதி. அதற்குப் பிறகு வர முடியாதவர் தனக்குப் பதில் ஆள் தரலாம், பணம் திரும்பாது. இதைக் கடுமை என்று யாரும் நினைத்ததில்லை, எல்லாருக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

சென்ற ஆண்டு லெஸ்டரிலிருந்து எட்டுப் பேர் போனோம். இரண்டு இரவு தங்குமிடம் 62, ரயில் 38, சாப்பாடு 28, பேருந்து, வரைபடம், மருந்துப் பை எல்லாம் சேர்த்து 12. ஆளுக்கு 140 பவுண்டு. உடை, ஷூ இதில் சேராது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. தங்குமிடத்தையும் பயணத்தையும் சேர்த்து, மேலே கொஞ்சம் லாபம் வைத்து, தெரியாதவர்களுக்கும் விற்கத் தொடங்கினால் 2018ஆம் ஆண்டின் பேக்கேஜ் பயண விதிகளுக்குள் வந்துவிடுவீர்கள். கட்டிய பணத்துக்குப் பாதுகாப்பு காட்டுவது உட்பட ஏகப்பட்ட பொறுப்புகள் உண்டு. எப்போதாவது ஒருமுறை, லாபமில்லாமல், தெரிந்தவர்களுக்குள் செலவைப் பகிர்ந்துகொண்டால் அந்தக் கவலை இல்லை. ஆகவே மிச்சமான பணத்தை ஒரு பென்னி விடாமல் திருப்பிக் கொடுங்கள், கணக்கை எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள்.

5. ரயில் டிக்கெட்

ஷெஃபீல்டுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவில் ஓடும் ஹோப் வேலி பாதையில்தான் ஈடேல் இருக்கிறது. ஷெஃபீல்டிலிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், மான்செஸ்டரிலிருந்து முக்கால் மணி நேரம். எல்லா வண்டியும் ஈடேலில் நிற்காது, விரைவு வண்டிகள் நிற்காமல் போய்விடும். நிற்கும் வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்க நேரும்.

மூன்று முதல் ஒன்பது பேர் சேர்ந்து போனால் 'குரூப்சேவ்' என்ற சலுகையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ரயில்கார்டு என்ற சலுகை அட்டையோடு இதைச் சேர்க்க முடியாது, கூட்ட நேரம் அல்லாத டிக்கெட்டுக்குத்தான் பொதுவாகக் கிடைக்கும், அந்த டிக்கெட்டில் போகிறவர்கள் எல்லாரும் ஒன்றாகவே பயணம் செய்ய வேண்டும். "நான் அடுத்த வண்டியில் வரேன்" என்று ஒருத்தி பின்தங்கினால் அவள் டிக்கெட் செல்லாது. இரண்டே பேர் என்றால் 'டூ டுகெதர்' கார்டு பாருங்கள். நீண்ட தூரத்துக்கான அட்வான்ஸ் டிக்கெட் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் முன்பு வரும், மலிவாக இருக்கும், ஆனால் குறிப்பிட்ட அந்த வண்டிக்கு மட்டும்தான்.

கையில் ரயில்கார்டு இல்லாமல் சலுகை டிக்கெட்டில் ஏறினால் அபராதம் உண்டு. போனில் இருந்தால் சார்ஜ் இருக்க வேண்டும். டிக்கெட்டையும் கார்டையும் இணையம் இல்லாமலே திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஈடேல் பள்ளத்தாக்கில் சிக்னல் பல இடங்களில் சுத்தமாகக் கிடையாது.

6. தாள்களும் அடையாளமும்

புகைப்படம் உள்ள அடையாளம் ஒன்று எல்லாரிடமும் இருக்கட்டும். பழைய பி.ஆர்.பி. (குடியிருப்பு அனுமதி) அட்டைகள் 2024 டிசம்பர் 31 வரையில்தான், இப்போது எல்லாம் இ-விசா. அதனால் ஓட்டுநர் உரிமமோ பாஸ்போர்ட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை மலைக்குத் தூக்கிப் போகாமல் அறையில் பூட்டி வையுங்கள்.

ஆளுக்கு ஒரு சிறு தாள்: பெயர், பிறந்த தேதி, எடுக்கும் மருந்து, ஒவ்வாமை, வீட்டில் கூப்பிட வேண்டியவர் எண். பிளாஸ்டிக் உறையில் போட்டு, அவரவர் பையின் மேல் பாக்கெட்டில். நான் ஒரு பிரதி, கடைசியில் நடப்பவர் ஒரு பிரதி. வார இறுதி முடிந்ததும் எல்லாவற்றையும் கிழித்துவிட வேண்டும், அது அவர்கள் நம்பிக் கொடுத்த விவரம்.

ஊரிலிருந்து அம்மாவோ அத்தையோ பார்வையாளர் விசாவில் வந்திருந்து, அவர்களையும் அழைத்துப் போவதாக இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். இங்கே அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பது இலவசம். ஆனால் மருத்துவமனையில் உள்ளே சேர்த்தால் பார்வையாளர்களிடம் என்.எச்.எஸ். விலையில் ஒன்றரை மடங்கு வாங்குவார்கள். கணுக்கால் எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை என்றால் தொகை பவுண்டில் ஆயிரங்களைத் தொடும். பயணக் காப்பீடு இருக்கிறதா, அதில் மலை நடை அடங்குமா என்று முதலில் பாருங்கள். வேலை, படிப்பு விசாவில் சுகாதாரக் கட்டணம் கட்டியவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

7. ஷூவும் உடையும்

அந்த முதல் நடையில் மாம் டோர் உச்சிக்குக் கீழே, கற்படியில், ஒரு தோழியின் வலது ஷூ அடிப்பாகம் குதிகாலிலிருந்து பிளந்து வாய் மாதிரி தொங்கியது. பத்து நிமிடத்தில் இடது ஷூவும் அப்படியே. வெளியில் பார்க்கப் புதுசு போலவே இருந்த ஷூ, நான்கு வருடமாக அலமாரியில் இருந்தது. போடாமல் வைத்திருந்தாலும் அடியில் உள்ள ஃபோம் உள்ளுக்குள் பொடிந்துவிடும். துப்பட்டாவைக் கிழித்து இரண்டு ஷூவையும் சுற்றிக் கட்டி, இருவர் தோளைப் பிடித்து இறக்கினோம். இரவல் ஷூவோ பழைய ஷூவோ எதுவானாலும், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு கையால் நன்றாக வளைத்துப் பாருங்கள், ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள்.

புதிது வாங்கினால் மாலையில் போய் வாங்குங்கள், காலையைவிடக் கால் சற்று வீங்கியிருக்கும். தடித்த சாக்ஸ் போட்டு, அரை சைஸ் கூட்டி எடுங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் முட்டினால் நகம் கறுத்துப் போகும். நம்மில் பலருக்குப் பாதத்தின் முன்பகுதி அகலம். பெண்கள் ஷூ இறுக்கினால் ஆண்கள் வரிசையில் சின்ன சைஸ் போட்டுப் பாருங்கள்.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது, காற்றடித்தால் எலும்பு வரை குளிரும். பருத்தி குர்த்தாவும் அப்படித்தான். செயற்கை இழை அல்லது கம்பளி உள்சட்டை, மேலே ஒரு ஃப்ளீஸ், அதற்கு மேல் மழைச்சட்டை. அட்டையில் 'வாட்டர் ரெஸிஸ்டன்ட்' என்றிருந்தால் அது தூறலுக்குத்தான், 'வாட்டர்ப்ரூஃப்' என்றே இருக்க வேண்டும். மழைக்கால்சட்டையும் சேர்த்து. ஜூன் மாதமே ஆனாலும் தொப்பி, கையுறை பையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை, அறக்கட்டளைக் கடைகளில் (சாரிட்டி ஷாப்) நல்ல மழைச்சட்டை அடிக்கடி கிடைக்கும்.

8. வெட்கப்படாமல் பேச வேண்டியது

மலைமேல் கழிவறை இல்லை. ஈடேலில் போய்விட்டுக் கிளம்பினால் அடுத்தது நான்கைந்து மணி நேரம் கழித்துத்தான். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடக்கிறவர்கள் உண்டு, தலைவலியும் மயக்கமும் வருவது அதனால்தான். காலையிலேயே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்: வழியில் ஒதுங்குவோம், இருவர் மழைச்சட்டையை விரித்துப் பிடிப்பார்கள், ஓடையிலிருந்து ஐம்பது மீட்டராவது தள்ளி. பயன்படுத்திய தாள், நாப்கின் எதையும் அங்கே போடக்கூடாது. வாய் இறுகும் பை இரண்டு, கை சுத்தம் செய்யும் திரவம், உபரி நாப்கின்கள் எல்லாம் ஒரு சிறு பையில் போட்டு, அது யாரிடம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டால் பாதி சங்கடம் தீர்ந்தது.

9. சனிக்கிழமைப் பாதை

ஆர்டினன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓ.எல். 1 வரைபடம் வாங்குங்கள். அதில் நான்கு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். விட்டுவிட்டுப் போகும் பச்சைக் கோடுகள் நீங்கள் நடக்க உரிமை உள்ள பாதைகள். போனில் வரைபடம் இருந்தாலும் காகிதம் ஒன்று வேண்டும்.

ஈடேலிலிருந்து தெற்கே ஏறினால் மலைமுகட்டில் ஹாலின்ஸ் கிராஸ். அங்கே வலப்பக்கம் திரும்பி, கல் பாவிய பாதையில் மாம் டோர் உச்சி, 517 மீட்டர். இரண்டு பள்ளத்தாக்கும் ஒரே நேரத்தில் கண்முன் விரியும், காற்று காதை அடைக்கும். வந்த வழியே ஹாலின்ஸ் கிராஸுக்குத் திரும்பி, நேரே பேக் டோர், அப்புறம் லூஸ் ஹில், 476 மீட்டர். அங்கிருந்து இறங்கினால் ஹோப் கிராமம். ஹோப் ரயில் நிலையம் ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, இதை மறந்து வண்டியைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. மொத்தம் சுமார் 12 கிலோமீட்டர், 400 மீட்டர் ஏற்றம்.

நேரம் கணக்கிட ஒரு பழைய விதி இருக்கிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அதன்படி மூன்று மணி நேரம் வரும். அதை நம்பாதீர்கள். புதியவர்கள், சாப்பாடு, படம், வேலிப் படிகளில் ஒவ்வொருவராக ஏறி இறங்குவது எல்லாம் சேர்த்து ஐந்தரை மணி நேரம் வையுங்கள். பத்து மணிக்குக் கிளம்பினால் மூன்றரைக்கு ஹோப்.

இந்தப் பாதையை நான் தேர்ந்தெடுக்கக் காரணம் ஹாலின்ஸ் கிராஸ். அதை இரண்டு முறை கடக்கிறோம். அங்கிருந்து ஒரு பக்கம் ஈடேலுக்கும் மறுபக்கம் காசில்டனுக்கும் இறங்கிவிடலாம். யாருக்கு முடியவில்லையோ அங்கே சொல்லலாம், அவரோடு இன்னொருவர் கட்டாயம் இறங்க வேண்டும். அந்த இரண்டாவது ஆள் யார் என்பதை முந்தின இரவே முடிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் முடியாதவர் "என்னால உங்க நாள் கெட வேணாம்" என்று வலியோடு நடப்பார். இரண்டாவது முறை கடந்த பின் வரும் பேக் டோர் ஏற்றம் செங்குத்து, அதற்கு முன் கேட்பதுதான் சரி.

எதிரே தெரியும் கிண்டர் ஸ்கௌட் மலை உங்களைக் கூப்பிடும். முதல் முறை வேண்டாம். மேலே சதுப்பு, பனிமூட்டம் இறங்கினால் திசையே தெரியாது.

10. நடக்கும் முறை

மெதுவாக நடப்பவர் முன்னாலிருந்து இரண்டாவது ஆளாக இருக்கட்டும். வேகத்தை அவர் முடிவு செய்வார். கடைசியில் அனுபவமுள்ள ஒருவர், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. நின்றால் கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகு ஐந்து நிமிடம் எல்லாரும் நிற்க வேண்டும். "நீங்க போங்கக்கா, நான் மெதுவா வரேன்" என்று யாராவது சொன்னால், அதுதான் நீங்கள் நிற்க வேண்டிய இடம்.

பாதத்தில் எங்கேயாவது சூடாக உரசினால் அந்த நிமிடமே ஷூவைக் கழற்றி ஒட்டுத்துணி போடுங்கள். அடுத்த ஓய்வு வரை பொறுத்தால் கொப்புளம். வாயில் கதவுகளைத் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விடுங்கள். மாடு கன்றோடு நின்றால் நடுவில் போகாதீர்கள், நம்மூர் மாடு என்று தட்டிக்கொடுக்கப் போக வேண்டாம். சுற்றிப் போங்கள்.

சாப்பாட்டுக்குப் புளிசாதம், எலுமிச்சை சாதம் இரண்டும் மலைக்கு ஏற்றவை. ஆறினாலும் ருசிக்கும், கெடாது. ஈடேலில் பெரிய கடை எதுவும் கிடையாது, சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் ஊரிலிருந்தே கொண்டுவந்துவிடுங்கள்.

11. ஆபத்து என்றால்

999 அழைத்து முதலில் 'போலீஸ்', அப்புறம் 'மவுண்டன் ரெஸ்க்யூ' என்று கேளுங்கள். ஆம்புலன்ஸ் என்று மட்டும் கேட்டால் மலைக்கு ஆள் வரத் தாமதமாகலாம். உங்கள் நிறுவனச் சிக்னல் இல்லாவிட்டாலும் 999 அழைப்பு வேறு நிறுவனச் சிக்னலில் போகும். குறுஞ்செய்தியிலும் உதவி கேட்கலாம், ஆனால் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும்: 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பி, வரும் பதிலைப் பின்பற்றுங்கள். இன்றே செய்துவிடுங்கள். விசில் என்றால் நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள், பணம் வாங்குவதில்லை. பணம் கேட்பார்களோ என்று பயந்து தாமதிக்காதீர்கள்.

வெள்ளி மாலை வானிலை அலுவலகத்தின் மலை வானிலை அறிக்கையில் பீக் டிஸ்ட்ரிக்ட் பக்கத்தைப் பாருங்கள். இடி, பலத்த காற்று என்றிருந்தால் முகட்டை விட்டுவிட்டு ஞாயிறு பாதையை சனிக்கே மாற்றுங்கள்.

12. ஞாயிறு

ஞாயிறு கால் வலிக்கும், எல்லாருக்கும். ஈடேலிலிருந்து பென்னைன் வே பாதையின் முதல் துண்டில், வயல் வழியாக அப்பர் பூத் வரை போய், பார்பர் பூத் வழியாகத் திரும்புங்கள். ஆறு கிலோமீட்டருக்குள், பெரிய ஏற்றம் இல்லை. முதல் வருடம் வந்து மனம் விட்டுப் போன என் தோழியைப் போன வருடம் மறுபடி கூப்பிட்டேன். சனிக்கிழமை வரமாட்டேன் என்றாள், ஞாயிறு மட்டும் வந்தாள். அவளை இரண்டாவதாக நடக்கவைத்தோம். இடையில் ஓரிடத்தில் ஓடையோரம் அவளே, "கொஞ்சம் உக்காரலாமா?" என்றாள். எல்லாரும் உட்கார்ந்தோம்.

வீடு வந்த அன்றே மூன்று வேலை. குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தலைமுடி ஓரம் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள், நெருப்பு, எண்ணெய் வைக்காதீர்கள். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினால், அது ஒன்றிலிருந்து நான்கு வாரத்தில் வரலாம், சில நேரம் மூன்று மாதம் வரைகூட ஆகும், மருத்துவரிடம் போய் உண்ணி என்று சொல்லுங்கள். ஷூவுக்குள் செய்தித்தாள் திணித்து ஹீட்டருக்குத் தள்ளி வையுங்கள். கணக்கை முடித்து, மிச்சப் பணத்தை அன்றிரவே அனுப்பிவிடுங்கள்.